காது கேளாத இன்னொருவர்

ஊரில் பாதிப் பேர் எந்தச் சோப்பால் முகம் கழுவுவது என்பதை முடிவு செய்தவள் அவள்தான். விளம்பர அலுவலகத்தில் அவளுக்கு வரிக்காரி என்று பெயர். ஒரே ஒரு வரி எழுதுவாள். மறுவாரம் கடைகளில் அந்தச் சரக்கு காலியாகிவிடும். அப்பேர்ப்பட்டவளால் பெற்ற அப்பாவை ஒரு காது மெஷின் வாங்க வைக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி காடிப்பானையில் விழுந்த கதைதான், வேறென்ன.

அப்பா ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியதில் காது இரண்டும் அவருக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டன. ஒப்புக்கொள்வாரா என்றால், மாட்டார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க" என்பார். வீட்டு டிவியோ தெருமுனை வரைக்கும் செய்தி வாசிக்கும்.

இதில் வரிக்காரிக்கும் ஒரு சௌகரியம் இருந்தது, மறைப்பானேன். சாயங்காலம் அவர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால், எதிரில் துணி மடித்தபடி மனசில் இருப்பதையெல்லாம் முணுமுணுத்துத் தீர்ப்பாள். மேலாளரைத் திட்டுவாள், அப்பாவையும் திட்டுவாள், சில நாள் அழவும் அழுவாள். பேப்பர் அசையாது. செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பயன் என்பார்கள். ஊதுகிறவளுக்கு நெஞ்சு லேசாகிறதே, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவளை வெளியூர்க் கிளைக்கு மாற்றினார்கள். அம்மா போனபிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர். இனி பேச்சென்றால் போனில்தான். போனில் அப்பா எதற்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். முன்பு ஒருமுறை அவள் வெளியூரிலிருந்து, "அப்பா, எனக்குக் காய்ச்சல்" என்றபோது, "ரொம்ப சந்தோஷம், வச்சிடறேன்" என்று வைத்துவிட்டார். ஊருக்குக் கிளம்புவதற்குள் அவர் காதில் மெஷின் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் அப்பா இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அதிர்ஷ்டம் பாருங்கள், அதே வாரம் ஒரு காது மெஷின் கடையின் விளம்பரம் அவர்கள் அலுவலகத்துக்கு வந்தது. அங்கே ஒரு பழக்கம் உண்டு. விளம்பரத்தை ஊருக்கு எழுதக் கூடாது, ஒரு ஆளுக்கு எழுத வேண்டும். அந்த ஒரு ஆளின் படத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொட வேண்டும். வரிக்காரி வேறு யார் படத்தைத் தேடப் போகிறாள்? அப்பாவின் படத்தை வைத்தாள். ஓவியரும் அந்தப் படத்தைப் பார்த்தே, பேப்பரும் கையுமாக ஒரு பெரியவரை அச்சு அசலாக வரைந்து கொடுத்தார்.

'உங்கள் மகள் பேசுவது உங்கள் காதில் விழுகிறதா?' அப்பா நடக்கப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தில், ஆள் உயரத்துக்கு அந்த விளம்பரம் நின்றது. அப்பா பார்த்துவிட்டு உற்சாகமாகத் திரும்பி வந்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்க. அந்தப் படம் யாரு தெரியுமா? நம்ம பக்கத்து வீட்டு வாத்தியாரேதான். பாவம் மனுஷன், அவருக்குச் சுத்தமா கேக்கறதில்ல."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்து பயமுறுத்திப் பார்த்தாள். 'பின்னால் வரும் லாரி ஹார்ன் அடிக்கும். உங்களுக்குக் கேட்குமா?' அன்று முதல் அப்பா வாத்தியாரின் கையைப் பிடித்துத் தெருவைக் கடத்திவிட ஆரம்பித்தார். மூன்றாவதாகத் தள்ளுபடிச் சீட்டு ஒன்றைப் பேப்பரில் அச்சடித்தாள். அப்பா அதைக் கத்தரித்து, பத்திரமாக மடித்து, வாத்தியார் வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் வாத்தியார் அவளைத் தேடி வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், கையில் அதே தள்ளுபடிச் சீட்டு, ஆனால் அவருடைய பேப்பரில் கத்தரித்தது.

"உங்கப்பாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லும்மா. கௌரவம் பார்க்கறார். பாவம், அவரு கைய பிடிச்சு நான்தான் தினம் ரோட்டைத் தாண்டி விடறேன்."

வரிக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிக்கும்போது விஷயம் பிடிபட்டுவிட்டது. நேரே கடைக்காரரிடம் போனாள். புது வரியைக் காட்டினாள்: 'உங்கள் நண்பர் காது மெஷின் போட வெட்கப்படுகிறார். நீங்கள் முதலில் போட்டுக் காட்டுங்கள். இருவராக வந்தால் ஒருவருக்குப் பாதி விலை.'

கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்லா கேக்கறவங்களை எதுக்கும்மா கூப்பிடறீங்க? எனக்குக் கேக்காதவங்கதான் வேணும்."

"கேக்காதவங்கன்னு ஊர்ல ஒருத்தர்கூட இல்ல சார். எல்லாருக்கும் கேக்காத நண்பர் ஒருத்தர்தான் இருக்கார்."

அரை மனசோடு அவர் தலையாட்டினார். விளம்பரம் வந்த அன்றே மதியம் அவரிடமிருந்து போன்.

"ரெண்டு பெரியவங்க வந்தாங்கம்மா. ஒருத்தர் என்னைத் தனியா கூப்பிட்டு, 'எனக்கு ஒண்ணுமில்ல, அவருக்குத் தைரியம் வரணும்னுதான் மாட்டிக்கறேன்'னார். அவரு அந்தண்ட போனதும் இன்னொருத்தர் வந்து அதையேதான் சொன்னார்."

வரிக்காரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பா காது வெறுங்காதாக இருந்தது. மெஷின் சட்டைப் பையில்.

"வாத்தியார் பார்க்கும்போது மாட்டிக்குவேன். வீட்ல எதுக்கு? எனக்குத்தான் நல்லா கேக்குதே."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. விற்றாயிற்று, வாங்கியும் ஆயிற்று, சரக்கு மட்டும் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. அதன்பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும் நாளும் நெருங்கிவிட்டது.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம். அப்பா வழக்கம்போலப் பேப்பருக்குப் பின்னால். இந்த வாரம் முழுக்க அவர் ஜன்னலோரம் விட்டுச் சுவரோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டிருந்தார். டிவி யாரையும் தொந்தரவு செய்யாமல் பேசிக்கொண்டிருந்தது. இரண்டையும் அவள் கவனிக்கவில்லை. பெட்டியில் துணியை அடுக்கியபடி தன் பாட்டுக்கு முணுமுணுத்தாள்.

"பிடிவாதம் பிடிச்ச கிழம். ஊரையே மயக்கினேன், இந்த ஒரு மனுஷன்கிட்ட பலிக்கல. நாளையிலேர்ந்து யார்கிட்ட போய்ப் பேசுவேன்? உங்களைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்லப்பா."

"எனக்கு மட்டும் இருக்கா" என்றது பேப்பர்.

அவள் கையிலிருந்த புடவை நழுவியது. அப்பா பேப்பரை இறக்கினார். சுவர்ப் பக்கத்துக் காதில் மெஷின் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"எப்பலேர்ந்து கேக்குது?"

"வாங்கின மறுநாள்லேர்ந்து."

"அப்ப நான் இத்தனை நாளா பேசினதெல்லாம்?"

"எல்லாம் கேட்டேன். உங்க மேலாளர் திருந்த மாட்டான்."

"ஏம்ப்பா சொல்லல?"

அப்பா பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார்.

"சொன்னா நீ பேசறத நிறுத்திடுவியே" என்றார். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. கத்தாத. இப்ப பேசின மாதிரியே பேசு."