பின்பக்கத்து யன்னல்

தங்கை வீடு வாங்கிவிட்டாள் என்று கேட்டபோது பிரியந்தினிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வீட்டைப் பார்க்கும்வரை இருந்தது.

ஒஸ்லோவின் நடுவில், பழைய தேவாலயம் ஒன்றின் கீழே சரிந்து இறங்கும் கல் பாவிய தெரு. இரண்டு பக்கமும் நூற்றைம்பது வருஷத்து மரவீடுகள். வெளித்தோற்றத்தில் ஒரு பலகையைக்கூட அனுமதியில்லாமல் மாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கிருந்தோ ஆட்கள் வந்து வாசல்களில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் மஞ்சள் வீடு தர்மினியினுடையது.

பிரியந்தினி ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் நாலாம் மாடியில் இருக்கிறாள். முதலில் நோர்வேக்கு வந்தவள் அவள்தான். முதியோர் இல்லத்தில் முறை மாறி முறை வேலை செய்து, பதினாலு வயதில் வந்த தங்கையைப் படிப்பித்து மருந்தாளராக்கியவளும் அவள்தான். பங்குச் சுவாமி வந்து வீட்டை ஆசீர்வதித்த அன்று, "அக்கா இல்லாட்டி நான் இல்லை" என்று தர்மினி எல்லார் முன்னாலும் சொன்னாள். பிரியந்தினிக்கு அதுவே ஆகவில்லை. நன்றி சொல்லிவிட்டு அந்த வீட்டில் இருக்கப்போகிறவள் தர்மினியல்லவா?

மேல்மாடியில், பிள்ளையின் அறையில், தோட்டப் பக்கத்து யன்னல் மட்டும் புதுப் பிளாஸ்டிக்காக இருந்தது.

"பழைய யன்னலாலை ஒரே காத்து, அக்கா. பிள்ளைக்குத் தடிமனும் இருமலும் மாறுதேயில்லை. அனுமதி கேக்காமல் மாத்திப்போட்டம்" என்றாள் தர்மினி. "பக்கத்து வீட்டு ஆஸ்த்ரி கண்டிட்டா. இஞ்சை இது கூடாது எண்டவ."

அடுத்த வாரம் பிரியந்தினி நகரசபைக்குப் பெயர் போடாமல் எழுதினாள். வீட்டு இலக்கம், எந்தப் பக்கத்து யன்னல், எல்லாம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆறு வாரத்தில் தர்மினி அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள். பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, பழைய மாதிரியே மரத்தில் செய்து போடும்படி கடிதம் வந்திருந்தது.

"ஆஸ்த்ரிதான் சொல்லிக்குடுத்திருக்கிறா. வேறை ஆருக்குத் தெரியும்?"

"இருக்கும்" என்றாள் பிரியந்தினி.

செப்டெம்பரில் அவள் போயிருந்தபோது ஆஸ்த்ரி ஒரு பை நிறையப் பிளம்ஸ் பழங்களோடு வந்து கதவைத் தட்டினாள். எழுபது வயது தாண்டியவள், தனியாக இருப்பவள். தர்மினி திறக்கவில்லை. ஆஸ்த்ரி படியில் வைத்துவிட்டுப் போன பழங்களை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

அன்று பிரியந்தினி தன் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆஸ்த்ரி அவளை மறித்தாள்.

"உன் தங்கைக்கு நான் என்ன செய்தேன்? என்னைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்" என்று நோர்வீஜிய மொழியில் கேட்டாள்.

பிரியந்தினி திரும்பி ஏறிப்போய், கதவைத் திறந்த தங்கையிடம் வாசலிலேயே சொன்னாள்.

"அது ஆஸ்த்ரி இல்லை. நான்தான் எழுதினனான்."

தர்மினி முதலில் சிரித்தாள். பிறகு தமக்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்?"

"உன்ரை வீட்டைப் பாக்க எனக்கு எரிச்சலா இருந்தது."

"எனக்கு நல்லது நடந்தா உங்களுக்குச் சந்தோஷம் எண்டெல்லோ நினைச்சனான்."

"சந்தோஷமும்தான். ரெண்டும்தான்."

தர்மினி ஏசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்த்ரியின் வீட்டுக்குப் போனாள். அங்கே கதவு திறந்ததையும், கிழவி பிள்ளையின் கன்னத்தைத் தொட்டதையும், எல்லாரும் உள்ளே போனதையும் பிரியந்தினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசைப்பட்ட வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். அரைமணி நேரம் பார்த்தாள். அவர்கள் வரவில்லை. தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மூன்று மாதம் தங்கையிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. டிசெம்பரில், கிறிஸ்மஸ் நெருங்கும்போது, ஒரு செய்தி வந்தது: "நத்தாருக்குச் சாப்பிட வாங்கோ. ஆஸ்த்ரியும் வாறா."

பனி மூடிய அந்தத் தெருவில் ஏறும்போது பிரியந்தினிக்கு நெஞ்சுக்குள் பழையபடி காந்தியது. அப்படியே போய் மணியை அடித்தாள்.

"இன்னும் எரிச்சலோ?" என்று தர்மினி கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள்.

"கொஞ்சம் இருக்கு."

தர்மினி கதவை அகலத் திறந்தாள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. ஆஸ்த்ரி பசியோடை இருக்கிறா."