பாட்டுக்குள் வைத்த முள்

பாட்டுப் புத்தகம் போடுகிறவரும் அவரே, அதைத் திருடுகிறவனைக் கோர்ட்டுக்கு இழுக்கும் வக்கீலும் அவரே. ஊர் அவருக்கு வைத்த பேர் பூட்டு. அவருடைய அச்சகத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடி விற்றவன் நான். கண்ணில் பட்டதை மட்டும்தான் சொல்வேன்.

பாட்டெல்லாம் அவருடைய மச்சான் கட்டியது. மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். காலையில் புத்தகம் வந்தால் மத்தியானமே பக்கத்துத் தெருவில் திருட்டுப் பதிப்பு வந்துவிடும். மச்சான் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்.

பூட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். சுரக்குறிப்பை அச்சுக் கோக்கும்போது, பாட்டுக்கு ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு தப்புச் சுரத்தை வைத்துவிடுவார். அதற்கு முள் என்று பெயர். திருடன் முள்ளையும் சேர்த்தே திருடுவான். கோர்ட்டில் மாட்டிக்கொள்வான்.

மச்சானுக்கு மனசே இல்லை.

"சோத்துல கல்லைப் போடுறீங்களே மாப்பிள்ளை."

"கல்லு இருந்தாத்தான் மச்சான், எந்தப் பானைச் சோறுன்னு சொல்ல முடியும்."

முள் இல்லாத சுத்தப் பிரதி எதிராளி கையில் சிக்கினால் வழக்கு படுத்துவிடும் என்று, மச்சான் கையால் எழுதியதையெல்லாம் அச்சகத்து அடுப்பிலேயே எரித்தார். அதன்பிறகு அவர் தோற்றதே இல்லை. ஒரு தடவை கிளி மேல் வழக்குப் போட்டார். கிளி கூண்டோடு வந்து, நீதிபதி கேட்குமுன்பே முள்ளோடு பாடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நீதிபதியும் தாளம் போட்டார். அவருக்கும் நோட்டீஸ் போனது.

மச்சான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் ஊரே முள்ளோடு பாடப் பழகிவிட்டது. கல்யாண வீட்டில் பாடினால் மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வாய் போச்சு, கால் போச்சு. இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில் கண்ணாடி கொடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். நர்ஸம்மா அவருடைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே படுக்கையைச் சரிசெய்தாள். முள் வந்தது. விரல் எழுந்தது. அவள் மறுபடி முதலிலிருந்து பாடினாள். அதே இடம், அதே விரல்.

புருஷனோடு கட்டிலருகே நின்ற தங்கச்சிக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க, அது இல்லைங்கறாரு. போறதுக்குள்ள ஒரு தடவை சரியாக் கேக்கணுமாம். உங்களுக்குத்தானே தெரியும், பாடுங்க."

பூட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த இடம் வரை பாடினார், நின்றார். முள் எங்கே என்று தெரியும். அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பது மறந்துபோயிருந்தது. கோர்ட்டு கோர்ட்டாக முள்ளையே பாடிக் காட்டியதில், நாக்கில் அதுதான் நின்றது.

வேறொரு சுரம் போட்டுப் பார்த்தார். விரல் எழுந்தது. இன்னொன்று. எழுந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குரல் கம்மியது. விரல் வரவரத் தாழ்வாகத்தான் எழுந்தது, ஆனால் எழுந்தது. கடைசியில் ஒரு சுரம். விரல் எழவில்லை. மறுபடி பாடினார். அசையவில்லை.

"கிடைச்சிருச்சு மச்சான்," என்றார். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தங்கச்சி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கை சில்லுன்னு ஆயிருச்சுங்க."

அந்தச் சுரம் சரிதானா, இல்லை அதற்கு முன்பே அவர் போய்விட்டாரா? பூட்டு என்னிடம் மட்டும் கேட்டார். கண்ணாடிக்காரனிடம் காது வேலையைக் கேட்டால் நான் என்ன சொல்ல.

அடுத்த பதிப்பில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்தார். திருடர்கள் அதையும் அப்படியே திருடினார்கள். இப்போது எந்தத் தெருவில் அந்தப் பாட்டைப் பாடினாலும், அந்த இடம் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், கிளி உட்பட. பூட்டு யார்மீதும் வழக்குப் போடவில்லை.