சிவப்பு கொஞ்சம் தூக்கல்

“அது பச்சை. சிவப்பு ஒயர் அதுக்குப் பக்கத்துல இருக்கு,” என்றாள் கட்டிலில் இருந்தபடி.

டிரைவர் ஈயம் உருக்கி ஒயர் ஒட்டும் சால்டரிங் அயர்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நழுவிய கண்ணாடியைத் தோளால் ஏற்றிவிட்டுக்கொண்டார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். மனைவி டிவிக்காரம்மா. டிவி கம்பெனியில் வேலை பார்த்தவள், கம்பெனி மூடியதும் முன்னறையில் மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பழைய வீடியோ கேம் பெட்டிகள்தான் அவளிடம் வரும். ஆன்டெனா ஒயர் வழியாகத்தான் அவற்றுக்குப் படம் காட்டத் தெரியும். படம் பனிமூட்டத்தில் பார்ப்பதுபோல் வரும். அவள் பெட்டியைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறத்துக்கான சிக்னலையும் உள்ளிருந்தே தனித்தனியாக எடுத்து, கட்டைவிரல் அளவு போர்டு ஒன்றின் வழியாக டிவிக்கு நேராகக் கொடுப்பாள். கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும் படம்.

அந்த மேசையில் அவர் கை வைக்க அவள் விட்டதேயில்லை. ஒருமுறை துடைக்கிறேன் பேர்வழி என்று போய், ஸ்க்ரூ அத்தனையையும் ஒரே டப்பாவில் கொட்டிவைத்தார். அப்புறம் கொஞ்ச நாள் சுவரோடுதான் பேச வேண்டியிருந்தது.

இன்று வேறு வழியில்லை. இதயம் களைத்துவிட்டது, நுரையீரலில் நீர் ஏறுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று காலையில் வந்த டாக்டர் மகளிடம் வாசலில் வைத்துச் சொன்னார். உள்ளே கேட்டது. தலையணைகளில் சாய்ந்திருந்தவள், முடிதிருத்தும் கடைக்காரர் சாயங்காலம் தன் கேம் பெட்டியை வாங்க வருவார், வேலை அரைகுறையாகக் கிடக்கிறது என்றாள். நாளைக்கு வரச் சொல்லிவிடலாம் என்றார் டிரைவர். நாளைக்கா என்று கேட்டாள். டிரைவர் எழுந்துபோய் மேசை விளக்கைப் போட்டார்.

மகளுக்குக் கோபம். இந்த நேரத்தில் இது ரொம்ப அவசியமா என்று அடுக்களையில் முனகினாள். ஆனால் கட்டிலை மேசைப் பக்கம் நகர்த்தும்போது வந்து ஒரு கை பிடித்தாள்.

“பிரேக்கை மிதிக்கற மாதிரி அழுத்தாதீங்க. தொட்டுட்டு எடுத்துடணும்.”

தொட்டார், எடுத்தார், ஊதினார். ஊதக் கூடாதாம். டிவியைப் போட்டதும் படம் வந்துவிட்டது. குட்டி மனிதன் ஒருவன் சுவர்மேல் ஓடினான். அவனும் சுவரும் வானமும் குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல ஒரே நீலப்பச்சை.

“வந்துடுச்சு,” என்றார் டிரைவர். நிஜமாகவே அவருக்குப் பெருமைதான்.

“எங்க வந்துச்சு? சிவப்பே இல்ல. அந்த ஒயர் ஒட்டல.”

சிரிக்கப் போய் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மகள் ஓடிவந்து முதுகைத் தாங்கினாள். இருமல் அடங்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி அயர்னை எடுத்துக்கொண்டார்.

இந்தத் தடவை ஈயம் சொன்ன பேச்சைக் கேட்டது. சுவிட்சைப் போட்டதும் சுவர் செங்கல் நிறமாயிற்று. குட்டி மனிதனின் முகத்தில் ரத்தக் களை வந்தது. மகள்கூட அடுக்களைக்குப் போகிற வழியில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

டிவிக்காரம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு. போர்டுல சின்னத் திருகு ஒண்ணு இருக்கு பாருங்க, மெதுவாக் குறைங்க. நான் சொல்றேன்.”

டிரைவர் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை திருப்பினார்.

“இப்ப?”

இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

“இப்ப சரியா?”

ரொம்பக் குறைத்துவிட்டோமோ என்று மறுபடி ஏற்றினார். சொல்றேன்னு சொன்னியே என்றார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மகள் அறைவாசலில் நின்று கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா,” என்றாள். “அதை வெச்சிடுங்கப்பா.”

முடிதிருத்துபவர் சொன்னபடி சாயங்காலம் வந்தார். விஷயம் தெரியாமல்தான் வந்தார். வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், மடித்துக் கொண்டுவந்த வெறும் பையை அக்குளில் செருகிக்கொண்டார். உள்ளே போய் அவள் காலடியில் சற்று நேரம் நின்றார். டிரைவர் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்து மேசைப் பக்கம் கூட்டிப்போனார். டிவியை அணைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

“இன்னிக்குக் குடுக்க முடியாது தம்பி. சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு.”

வந்தவர் திரையைப் பார்த்தார். படம் பளிச்சென்று இருந்தது. பிறகு டிரைவரின் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாங்கய்யா, கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. மெதுவா வாங்கிக்கறேன்.”

பையைக் கால்சட்டைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு வெளியே போய், நாற்காலி இறக்குகிறவர்களோடு ஒருவராகச் சேர்ந்துகொண்டார்.