மூன்று இடத்திலும் ஒரே பதில்

பத்து நிமிடம் முந்திப் பிறந்த பாவத்துக்கு ஐம்பத்திரண்டு வருடமாக அவர் அண்ணன். மற்றபடி அந்தப் பெயின்ட் கடையின் இரட்டை முதலாளிகளை முதுகுப்பக்கம் பார்த்தால் கட்டிக்கொண்ட மனைவிமாரே குழம்பிப்போவார்கள்.

அவர்களுடைய அம்மாவைக் கைநடுக்க நோய் ஏழு வருடம் ஆட்டிவைத்துவிட்டுத்தான் கொண்டுபோனது. எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் படித்துச் சொல்லும் கம்பெனி ஒன்றை அண்ணன் போனில் காட்டியபோது, தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

“வேணாம்ணே. நாம ரெண்டு பேரும் ஒரே அச்சு. நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி. எனக்குத் தெரியவே வேணாம்.”

“சரிடா, பார்க்கல,” என்றார் அண்ணன்.

பார்த்தார். நாம் வாயைத் திறந்தால்தானே அவனுக்குத் தெரியும் என்பது அவர் போட்ட கணக்கு.

அம்மாவின் நோய்க்குரிய மாற்றம் அவரிடமும் இருப்பதாகக் கம்பெனி சொன்னது. வந்தே தீரும் என்றில்லை. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒரே கடையில் விலை கேட்டு அவர் வாழ்நாளில் எதையும் வாங்கியதில்லை. தன் மரபணுக் கோப்பை இறக்கி, இன்னும் இரண்டு இணையதளங்களில் ஏற்றினார். இன்று காலை கல்லாவில் உட்கார்ந்தபடியே கடைசிப் பதிலையும் திறந்தார். மூன்று இடத்திலும் அதேதான். இனி யாரிடம் பேசிக் குறைப்பது?

அந்த நேரம் பார்த்து ஒரு காண்ட்ராக்டர் வந்து நின்றார். இருபது வாளி வெள்ளை வேண்டுமாம்.

“முதலாளி, பத்து சதவீதம் தள்ளிப் போடுங்க.”

பேரம் மூன்று சதவீதத்தில் வந்து முடியும் என்று தெரிந்தே கேட்ட பத்து அது.

“போட்டுக்குங்க,” என்றார் அண்ணன்.

காண்ட்ராக்டர் பயந்துபோனார். “சரக்கு புதுசுதானே?” என்று வாளியைத் திருப்பித் தேதி பார்த்தார்.

நிறம் கலக்கும் இயந்திரத்தருகே நின்றிருந்த தம்பி திரும்பினான். வாளிகள் வண்டியேறியதும் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றான்.

“சம்பந்தி கேட்டப்பவே ரெண்டுக்கு மேல இறங்காத ஆளு நீ.”

“ரெகுலர் பார்ட்டிடா. போகட்டும்னு…”

“இன்னைக்குத்தான் முதல் தடவை வர்றாரு.”

அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்திருக்கக் கூடாது என்று அப்புறம்தான் உறைத்தது. முப்பது வருடமாக எதிராளியின் கண்ணைப் பார்த்தே விலை படித்தவன் தம்பி. இப்போது எதிரில் இருந்ததோ அவனுடைய சொந்த முகம்.

“ஒண்ணே ஒண்ணுதானேண்ணே கேட்டேன் உன்கிட்ட.”

“டேய், கட்டாயம் வரும்னு இல்லடா. வாய்ப்புதான். அதுவும் எவ்வளவுன்னா…”

“சொல்லாத!” தம்பி காதைப் பொத்திக்கொண்டான். “அந்த நம்பரையாவது நீயே வச்சுக்கோ.”

அடுத்த வாடிக்கையாளர் நிற அட்டையோடு காத்து நின்றார். இயந்திரத்தின் பொத்தானை அழுத்தப் போன தம்பி, விரலைப் பாதியிலேயே நிறுத்தி, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.