பத்துச் செக்கன்

விடியுமுன்னே கெலிஓயா பஸ் பிடித்து, இரண்டு சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டி, கண்டி நகரத்துக் கடையின் பின்னறைக்குள் மேபல் நுழைந்தபோது மணி ஐந்தரை. பழனியாண்டியும் பஹ்மியும் முன்பே வந்திருந்தார்கள். மூவரையும் உள்ளே விட்டு, முதலாளி மகேந்திரராசா வெளிப்பக்கமாகப் பூட்டைப் போட்டார். அந்தச் சத்தத்துக்கு அவள் முதுகு கூசியது.

பன்னிரண்டு இயந்திரங்கள் சீடி அடித்துத் தள்ளின. வழக்கமாக, சென்னையில் வெளியான படம் மூன்றாம் நாளே இங்கே ஐந்நூறு தட்டாகிவிடும். தட்டுகள் சூடாக வெளியே வரும். எடுத்தெடுத்து விரல்நுனி மரத்துப்போகும். ஒவ்வொன்றையும் பத்துச் செக்கன் ஓடவிட்டுப் பார்ப்பது மேபலின் வேலை. அதற்குமேல் ஓடினால், "படம் பாக்கவே வந்தனி?" என்பார் முதலாளி.

இந்த வாரம் படம் இல்லை. ஐரினின் குரல்தான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் வயர் பற்றியபோது, அவர்களோடு வேலை பார்த்த ஐரின் இந்த அறையில் தனியாக இருந்தாள். முதலாளி சாவியோடு வருவதற்குள் புகை அவளை முடித்துவிட்டது. கதவு திறந்துதான் கிடந்தது என்று முதலாளி சொல்கிறார். நாளைக்கு மரண விசாரணை. அப்படியே எழுதிய தாளில் மூவரும் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. எப்போதும்போல் அன்றும் பூட்டித்தான் இருந்தது என்று மூவருக்கும் தெரியும். காட்ட ஒரு ஆதாரமும் இல்லை.

ஐரின் போன தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் பசாமை இதே அறையில் பாடிப் பதிந்திருந்தாள். முன்கடை அலுமாரியில் கிடந்த அந்தத் தட்டைத்தான் முதலாளி இப்போது விற்கிறார். அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்: 'இதிலுள்ள ஒலி அனைத்தும் மகேந்திரராசாவுக்கே உரிமை. பிரதி எடுப்பது குற்றம்.'

"ஊராருட படமெல்லாம் கொப்பி அடிக்கிறவரு, மௌத்தான புள்ளட பாட்டுக்குப் பூட்டுப் போட்டீக்கிறாரு" என்றான் பஹ்மி.

பத்துச் செக்கனில் ஐரின் மூச்சை இழுத்து முதல் வரியைத் தொடங்குவாள். அதோடு மேபல் நிறுத்திவிடுவாள். நாலு நாளாக எத்தனை நூறு தடவை அந்த மூச்சு. வீட்டில் அடுப்பூதும்போதும் அது காதோரம் கேட்டது. செத்தவளை முழுசாகப் பாடக்கூட விடாமல் கழுத்தை நெரிப்பதுபோல் இருந்தது அவளுக்கு. இன்று விரல் எழவில்லை. பாடட்டும் என்று விட்டுவிட்டாள்.

பாட்டு முடிந்தது. தட்டு நிற்கவில்லை. ஐரின் பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள். கதிரை இழுபடும் சத்தம். பிறகு பூட்டுச் சத்தம்.

"ஐயா, பூட்டிட்டுப் போறீங்களே, நெருப்புக் கிருப்புப் புடிச்சா என்னா செய்றது?"

கதவுக்கு அப்பாலிருந்து முதலாளியின் குரல்: "பொலிஸ் வந்தால் கதவு திறந்து கிடக்கக் கூடாது, பிள்ளை. ஏதுமெண்டால் கத்து. வந்து திறப்பன்."

மூவரும் கதவைப் பார்த்தார்கள். நெருப்புப் பிடித்த அன்றைக்கு எவ்வளவு கத்தினாளோ.

"மறுபடி போடு தாயி" என்றார் பழனியாண்டி. இயந்திரத்துக்கு இரண்டாக இருபத்துநாலு தட்டு எடுத்தார்கள். மேபல் ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டாள்.

பத்து மணிக்கு முதலாளி கதவைத் திறந்து தாளை நீட்டினார். மேபல் கதவை மூட முடியாதபடி நிலைப்படியில் நின்றுகொள்ள, பஹ்மி உள்ளே தட்டை ஓடவிட்டான். தன் குரல் வந்ததும் முதலாளி நீட்டிய தாளைப் பின்னுக்கு இழுத்தார்.

"உது என்ர குரல் இல்லை."

"இதுல உள்ள ஒலி எல்லாம் ஒங்களுதுன்னு நீங்கதானேங்க அச்சடிச்சீங்க" என்றாள் மேபல்.

"கொப்பி அடிச்சனீங்களோ? கேஸ் போடுவன். மூண்டு பேரும் உள்ள போவியள்."

"காலையில இருந்து உள்ளதானேங்க இருக்கோம்" என்றார் பழனியாண்டி.

"கேஸ் போடுங்க முதலாளி. கோட்டுல கடைசி மட்டும் கேக்கட்டும்" என்றான் பஹ்மி.

"வேலை இல்லை. போங்கோ."

போனார்கள். நாளைக்கு விசாரணையில் யார் நம்புவார்கள், யார் விலைபோவார்கள் என்று தெரியாது. ஆனால் இந்தத் தெருவில் வெளிப்பூட்டுப் போடும் பின்னறைகள் இன்னும் ஏழு இருந்தன. அந்தக் கதவுகளைத் தேடி பஹ்மி ஒரு பக்கமும் பழனியாண்டி மறுபக்கமும் ஆளுக்கு எட்டுத் தட்டோடு நடந்தார்கள். புறப்படும்போதே தங்கள் பின்னறைக் கொக்கியில் தொங்கிய பூட்டைக் கழற்றி மேபல் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல். "வெளிய பூட்டியிருக்குங்க."

"தெரியும்" என்றாள் மேபல். "நாங்க ஐரினோட வந்திருக்கோம்."