எதிர்ப்பவர்: ஆரின் ஹாஸ்கெட்

வாக்காளர் கையேடு அக்டோபர் நடுவில் வந்தது. டோரீன் அதைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்துச் சமையலறை மேசையில் போட்டுவிட்டு, மாடுகளுக்குத் தீவனம் வைக்கப் போனாள். திரும்பி வந்து காபி ஊற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டியபோது புருஷன் பேச ஆரம்பித்தான். ஆகஸ்டில் செத்துப்போன புருஷன்.

"எதிர்ப்பவர்: ஆரின் ஹாஸ்கெட், பண்ணைக்காரர்" என்று மேலே போட்டிருந்தது.

அந்த மாநிலத்தில் அது வழக்கம். எந்தக் கேள்வி வாக்குக்கு வந்தாலும், கட்டணம் கட்டினால் யாரும் தன் வாதத்தைக் கையேட்டில் அச்சிட்டுக்கொள்ளலாம். அது வீடு வீடாகப் போகும். ஆரின் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இந்தத் தடவையும் எழுதிக் கொடுத்தான், கொடுத்த பிறகு செத்தான். அதைத் திரும்ப வாங்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கேள்வி ஆம்புலன்சைப் பற்றியது. மாநிலக் கஜானா வறண்டுபோய், மாவட்டங்களுக்குக் கொடுத்துவந்த பணத்தைத் தலைநகர் வெட்டிவிட்டது. ஊர் ஆம்புலன்ஸ் ஓட வேண்டுமானால் வீட்டுவரியோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டுங்கள் என்று மாவட்டம் மே மாதமே ஒரு தடவை கேட்டது. அதே சமயம் ஒரு செய்தி வந்தது. தலைநகரில் அதிகாரிகளின் புதுக் கட்டடத்தைச் சுற்றி, பனியில் யாரும் வழுக்கி விழாதபடி, நடைபாதைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கிறார்கள் என்று. ஊர் கொதித்துப்போனது.

"ஆபீசருங்களுக்குப் பாதம் குளிரக் கூடாதாம்டா லைல்," என்று இதே மேசையில் உட்கார்ந்து ஆரின் கத்தினான். "என் மாடு பனியில கன்னு போடுது. அதுக்கு அடியில எவனாவது குழாய் போடுவானா?"

"மாட்டுக்கு ஓட்டு இருந்தா போடுவான்," என்றான் பக்கத்துப் பண்ணை லைல்.

"என் மாடு ஓட்டுப் போட்டா அவனுங்க ஜெயிக்கவே மாட்டானுங்க. அதுக்கு அறிவு இருக்கு."

தலைநகரை அடிக்க அவர்கள் கைக்கு எட்டியது அந்த ஒரு வாக்குச்சீட்டுதான். ‘வேண்டாம்’ என்று ஊரே ஓங்கி அடித்தது. டோரீனும் அப்படித்தான் போட்டாள். தலைநகருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. ஜூலையில் ஊர் ஆம்புலன்ஸ் கொட்டகையைப் பூட்டினார்கள். அதன்பின் யாருக்கு என்ன ஆனாலும், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்துதான் வண்டி கிளம்பி வரவேண்டும்.

இப்போது மாவட்டம் அதே கேள்வியை மறுபடி கேட்கிறது. ஆரின் மறுபடி ‘வேண்டாம்’ என்கிறான்.

டோரீன் வாதத்தைப் படித்து முடிக்கவில்லை. கையேட்டைக் கவிழ்த்து வைத்தாள். அது போதவில்லை. தீவனக் கடைக்குப் போனால் கல்லாவில் இருந்தவன், "ஆரின் சரியாச் சொல்றாரு," என்றான். ‘சொன்னாரு’ என்று ஒருவரும் சொல்லவில்லை, ‘சொல்றாரு’ என்றுதான் சொன்னார்கள். சர்ச்சில் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வரிகளை மனப்பாடமாக ஒப்பித்தாள். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது, அடுத்த அறையில் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு அதே வரியை மறுபடி தொடங்குவதுபோல் இருந்தது. அவள் விளக்கைப் போட்டுப் பார்ப்பாள். அவன் நாற்காலி, அவன் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி மட்டும் தினமும் கொஞ்சம் நகர்ந்திருப்பதாக அவளுக்குப் பட்டது. அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஊர் ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிந்தது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆரின் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே நின்றபடியே போய்விட்டானாம். கடைசிவரை அரசாங்கத்திடம் ஒன்றும் கேட்கவில்லையாம். சாவு வீட்டில் யாரோ அப்படிச் சொல்ல, அவள் மறுக்காமல் இருந்துவிட்டாள். அப்போது அது அவனுக்குப் போர்த்திய நல்ல கம்பளிபோல இருந்தது.

ஒரு நாள் லைல் வந்து வாசலில் தொப்பியைக் கழற்றினான்.

"ஞாயித்துக்கிழமை விவசாயிகள் சங்கக் கூடத்துல கூட்டம். மாவட்ட ஆபீசுலேர்ந்து பெர்னிஸ் வந்து வரி வேணும்னு அழுவா. நம்ம பக்கத்துக்கு ஆரின் எழுதினதை நீ படிக்கணும், டோரீன்."

"நீயே படியேன்."

"நான் படிச்சா மாடு கத்துற மாதிரி இருக்கும். அவனுக்கு நீ படிச்சாதான் பிடிக்கும்."

படித்தால் ஆம்புலன்ஸ் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் இன்னொருத்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். படிக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால், அவன் மேலிருக்கும் கம்பளியை உருவ வேண்டும். "சரி," என்றாள்.

கூடம் நிறைந்திருந்தது. பின்னால் தின்ன ஆப்பிள் பை, குடிக்கப் பெரிய கெட்டிலில் காபி. பெர்னிஸ் பேசும்போது ஒருவன், "குழாயை எங்க வீட்டுக்குத் திருப்பி விடுங்க, வரி கட்டுறோம்!" என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். பெர்னிசும் சிரித்துவைத்தாள். பிறகு டோரீன் எழுந்தாள். கூடம் அடங்கியது.

அவள் படித்தாள். குழாயைப் பற்றி, தலைநகரின் ஊதாரித்தனத்தைப் பற்றி. எல்லாம் உண்மை, எல்லாம் அவன் குரல். கடைசிப் பத்தியை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"‘ஆம்புலன்ஸ் ஆம்புலன்ஸ் என்று பயமுறுத்துகிறார்கள். நான் பிறந்ததிலிருந்து இந்தப் பண்ணையில் இருக்கிறேன். அந்த வண்டி ஒரு தடவைகூட என் வாசலுக்கு வந்ததில்லை.’"

தாளைத் தாழ்த்தினாள். முன்வரிசையில் ஒருவன் கைதட்டப் போய், பாதியில் நிறுத்தினான்.

"அவர் எழுதினது நெஜம்," என்றாள் டோரீன். "வரல. ஆனா அவர் கேட்டாரு."

தாளை இரண்டாக மடித்தாள்.

"நின்னுக்கிட்டே போகல. வைக்கோல்ல சாஞ்சு உக்காந்து, வண்டிக்குப் போன் போடுன்னாரு. போட்டேன். ‘வருதா பாரு’ன்னாரு. போய் ரோட்டைப் பார்த்துட்டு வந்தேன். மறுபடி, ‘வருதா?’ன்னாரு. நான் வந்துக்கிட்டே இருக்குன்னேன். அவர் கேக்குறதை நிறுத்தினப்புறமும் நான் வருது வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். தலைநகர்ல இருக்கிறவனுங்க திருடனுங்கதான். ஆனா அவனுங்க யாரும் என் வீட்டு வைக்கோல்ல சாகல. நான் இந்தத் தடவ ‘வேணும்’னு போடப்போறேன்."

"புருஷன் பேர வச்சு அரசியல் பண்றியேம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "வாயை மூடுடா," என்றது இன்னொன்று. நாற்காலிகள் கரகரத்தன. பெர்னிஸ் தலை குனிந்திருந்தாள். டோரீன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

லைல் அவளுடைய பிக்கப் வண்டி அருகே வந்துவிட்டான். அவன் திட்டுவான் என்று நினைத்தாள். அவன் திட்டவில்லை.

"நான் அன்னிக்கு வீட்டுலதான் இருந்தேன், டோரீன். வேலியத் தாண்டினா உன் வீடு. வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் பறந்திருப்பேன். எனக்கு ஏன் சொல்லல?"

அன்றைக்கு அவள் சொல்லத்தான் எழுந்தாள், போனையும் கையில் எடுத்தாள். ஆரின் அவள் மணிக்கட்டைப் பிடித்து, மூச்சுக்கு நடுவே சொன்னது இதுதான்: "லைலைக் கூப்பிடாத. ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன்னு தெரிஞ்சா சிரிப்பான்."

லைலின் கண்கள் சிவந்திருந்தன. வருடக்கணக்காக அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"பதட்டத்துல தோணவே இல்ல, லைல்."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"தோணியிருக்கணும்," என்றான்.

"ஆமா," என்றாள் டோரீன்.