புளித்துப்போன தொட்டி

ஷெரில் இன்ஜினியர் என்று அவள் அம்மா சூசையம்மாள் மம்பாவ் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். என்ன இன்ஜினியர் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். கோலா பிலாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்துச் செம்பனை ஆலையில் மகள் பார்த்துக்கொண்டது கழிவுத் தொட்டியை.

பெரிய தொட்டி. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் பழுப்பு நிறக் கழிவுநீர் காற்றுப் புகாத அந்த இரும்புத் தொட்டிக்குள் போகும். உள்ளே இரண்டு கூட்டமாக நுண்ணுயிர்கள். முதல் கூட்டம் கழிவைத் தின்று அமிலமாக்கும். இரண்டாம் கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று வாயு விடும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடி மின்சாரம் வரும். முதல் கூட்டம் கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்டியடிக்கிற ஆட்களைப் போல, எதைப் போட்டாலும் வழித்துத் தின்னும். இரண்டாம் கூட்டம் மாப்பிள்ளை வீட்டார். அமிலம் கொஞ்சம் கூடினாலும் கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும்.

இந்த இரண்டு கூட்டத்தின் குணத்தையும் ஷெரில் சமன்பாடுகளாக எழுதிக் கணினிக்குள் ஒரு மாடலாக வைத்திருந்தாள். தொட்டியின் சூடு, புளிப்பு, வாயுவின் அளவு எல்லாவற்றையும் பார்த்து, இன்றைக்கு எவ்வளவு கழிவு உள்ளே போகலாம் என்று அந்த மாடல் முடிவு செய்யும். பம்பு அதன்படி ஓடும்.

மேனேஜர் திருச்செல்வத்துக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. அவரைப் பொறுத்தவரை தொட்டி ஒரு மாடு. நிறையப் போட்டால் நிறையக் கறக்கலாம். பழம் அதிகமாக விழும் பருவம் வந்தது. ஆலை இரவு பகலாக ஓடியது. கழிவுக் குட்டைகள் கரைவரை நிரம்பின. மாடலோ, போதும் போதும் என்று பம்பை மெதுவாகவே ஓட்டியது. திருச்செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார்.

கோலா கிளாவாங்கில் சித்தப்பா மகன் கெல்வினுக்குக் கல்யாணம் என்று ஷெரில் லீவில் போனாள். அவள் கார் தோட்டத்து வாசலைத் தாண்டியதும் திருச்செல்வம் கட்டுப்பாட்டு அறைக்குள் போய், மாடலை அணைத்துவிட்டு, பம்பை முழு வேகத்தில் திருப்பிவிட்டார்.

கல்யாண விருந்தில் அவள் பிரியாணியில் கை வைத்த நேரம், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வாயுவின் அளவைக் காட்டும் கோடு வானத்தைப் பார்த்து ஏறியிருந்தது. கீழே திருச்செல்வம் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மை ஒன்றும் போட்டிருந்தார். ஷெரில் தட்டைத் தள்ளிவைத்தாள். கடைசியாக ஒரு தடவை மூக்குமுட்டத் தின்றுவிட்டுத்தான் தொட்டி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படியே ஆனது. அவள் திரும்பி வந்தபோது தொட்டி புளித்திருந்தது. வாயு விழுந்து, எஞ்சின் நின்று, தோட்டம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். திருச்செல்வம் சென்சார் கோளாறாக இருக்கும் என்றார். ஷெரில் மாதிரி எடுத்த குவளையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதற்குப் பிறகு அவர் சென்சாரைப் பற்றிப் பேசவில்லை.

பம்பை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு வேண்டும் என்று தலைமையகத்துக்கு எழுதினாள். மூன்று கடைகளில் விலை கேட்டு அனுப்பச் சொன்னார்கள். சுண்ணாம்பு இல்லாமல் தொட்டி தானாகத் தேற மாதக் கடைசியாகும் என்றது மாடல். தலைமையகத்து ஆட்கள் பார்வையிட வருவதோ அடுத்த வாரம்.

திருச்செல்வம் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி சன்னாசியைக் கூட்டிவந்தார். தொட்டிக்குப் பூசை நடந்தது. தேங்காய் உடைத்து, எலுமிச்சை வெட்டி, தொட்டிக்குப் போகும் கழிவு கலக்கும் குட்டையில் சன்னாசி கைப்பிடித் திருநீறு தூவினார். இன்ஜினியர் என்பதால் தட்டைப் பிடிக்கும் வேலை ஷெரிலுக்கு வந்தது. வீட்டில் சொன்னபோது சூசையம்மாள் திட்டுவாள் என்று நினைத்தாள். சூசையம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று அந்தோணியாருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அந்த வாரமே வாயு ஏறத் தொடங்கியது. எஞ்சின் ஓடியது. திருச்செல்வம் கட்டுப்பாட்டு அறையில், கணினித் திரைக்கு நேர் மேலே அம்மன் படம் மாட்டினார். ஷெரில் தன் சமன்பாடுகளைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். இவ்வளவு சீக்கிரம் தேறவே முடியாது. தேறியதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம், தன் மாடல் பொய் சொன்னதுதான் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. தொட்டி நீரைச் சோதித்தாள். புளிப்பை முறிக்கும் காரம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள்.

நேரே கோயிலுக்குப் போய், எவ்வளவு திருநீறு போட்டீர்கள் என்று சன்னாசியிடம் கேட்டாள்.

சன்னாசி விளக்குத் துடைப்பதை நிறுத்தினார். "ஒரு கைப்பிடிலா தங்கச்சி. அதுக்கே இவ்ளோ பெரிய தொட்டி சரியாவும்னா நான் ஏன் இந்தக் கோயில்ல உக்காந்து விளக்குத் துடைக்கிறேன்?"

பிறகு, பூசை முடிந்த மறுநாள் ஒரு லோரி அந்தக் குட்டைக்கும் ஆலைக்கும் நடையாய் நடந்ததையும் அவரே சொன்னார். லோரி ஓட்டும் அர்ச்சுனனைப் பிடித்து விசாரித்தாள். பாய்லரில் பழத்து நாரும் கொட்டை ஓடும் எரித்த சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டினேன், பாஸ் சொன்னார் என்றான்.

ஷெரில் திருச்செல்வத்தின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்தாள்.

அவர் மறைக்கவில்லை. "நீதானம்மா சொன்னே, லேப்ல சின்னதா செஞ்சு பாத்துட்டு அப்புறம் பெருசா செய்யணும்னு. பூசாரி கையில போட்டாரு. தொட்டி பெருசு. அதான் லோரியில போட்டேன்."

திட்டத்தான் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பாய்லர் சாம்பல் புளிப்பை முறிக்கும் என்பது அவளுக்கும் தெரியும். அதிலிருக்கும் மணல் பம்பை அடைத்துவிடும் என்றுதான் அதைத் தொடாமல் இருந்தாள். அதைச் சொன்னபோது திருச்செல்வம் முகம் சுருங்கியது. இதுவரை அடைக்கவில்லையே என்று மட்டும் முணுமுணுத்தார்.

தலைமையகத்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் திருநீறு, லோரி என்றெல்லாம் பேசத் திருச்செல்வத்துக்கு வாய் வரவில்லை. எல்லாம் ஷெரிலின் மாடல் செய்த வேலை என்று சொல்லிவிட்டார். கைதட்டினார்கள். தன் மாடல் தப்பாகச் சொன்ன ஒரே விஷயத்துக்காகப் பாராட்டு வாங்குவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சாம்பல் கொட்டியதால்தான் தேறியது, அதை இனிமேல்தான் மாடலில் சேர்க்கவேண்டும் என்று எழுந்து சொன்னாள். பெரியவர் ஒருவர், சுண்ணாம்பே வாங்காமல் வேலையை முடித்தார்களாமே என்று இன்னும் சந்தோஷப்பட்டார்.

அவர்கள் கார்கள் போன பிறகு பம்பு அடைத்துக்கொண்டது.

மறுநாள் ஷெரிலும் அர்ச்சுனனும் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயைக் கழற்றினார்கள். திருச்செல்வம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார். ஷெரில் ஒரு மண்வெட்டியை அவர் பக்கம் நீட்டினாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். முழங்கால்வரை கறுத்த சேற்றில் நின்று வாரிக் கொட்டினார்கள். அன்று மாலை காரைவிட்டு இறங்கியவரை அவர் மனைவி வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, தோட்டத்து ஹோஸ் குழாயால் குளிப்பாட்டியதாக அர்ச்சுனன் பிறகு எல்லாரிடமும் சொன்னான்.

ஷெரில் சாம்பலின் காரத்தையும் மணலையும் மாடலில் சேர்த்தாள். பழைய நாட்களின் அளவுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தபோது, தொட்டி தேறிய நாள் ஏறக்குறையச் சரியாக வந்தது. அவளுக்கு நிம்மதி. பம்பைக் கொஞ்சம் கூட்டலாம் என்றது மாடல். பக்கத்தில் நின்ற திருச்செல்வம் எவ்வளவு என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, தேநீர் வாங்கிவர ஆளனுப்பினார்.